வளையம் வைத்த நாற்காலி

தேர்தல் சுற்றுப்பயணம் முழுக்க அப்பா மேடையில் பேசும்போதெல்லாம் நான் வார்த்தைகளை விட்டுவிட்டு மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாக்கியத்தின் நடுவில் அவர் நிறுத்தினால் கூட்டம் கைதட்டத் தயாராகும். என் கை தானாகத் தோள்பைக்குள் போய் மாத்திரைக் குப்பியைப் பிடித்துக்கொள்ளும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அம்மா அதை என்னிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்று, "நீ போறது ஊர் பாக்க இல்ல. அவரைத் திரும்பக் கூட்டிட்டு வர" என்று சொல்லியிருந்தாள்.

உண்மையில் நான் ஊர் பார்க்கத்தான் கிளம்பினேன். பி.ஏ. முடித்தாயிற்று. சட்டம் படிக்கிறேன் என்றால் வீட்டில் ஆளுக்கொரு மூலையாகத் திரும்பிக்கொண்டார்கள். மதுரையில் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஜீப், ஒலிபெருக்கி, கொடி, கொடைக்கானல் என்றெல்லாம் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? "அப்பாவுக்கு உதவிக்கு நான் போறேன்" என்று முதலில் குதித்தவள் நான்தான். தாண்டிக்குடிக்கு ஏறும் செங்குத்துப் பாதையில் ஜீப் உறுமிக்கொண்டு போனபோது, பக்கத்தில் இருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். உதடு நாவல் பழம் தின்றவர் உதடு போல் இருந்தது. அன்று வந்து உட்கார்ந்த பயம் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அப்பா வக்கீலாக இருந்தது நான் பிறப்பதற்கு வெகு முன்னால். நல்ல ஓட்டம் இருந்த வக்கீல் என்பார்கள். சுதந்திரப் போராட்டத்தில் நீதிமன்றங்களைப் புறக்கணியுங்கள் என்று அழைப்பு வந்தபோது, வாதம் பாதியில் இருக்க, கறுப்பு அங்கியைக் கழற்றி குமாஸ்தா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர். அதன் பிறகு கோர்ட்டுக்குள் போனதெல்லாம் கைதிக் கூண்டில் நிற்கத்தான். சிறையில் இருந்த பட்டினியும் அடியும்தான் நெஞ்சைக் கெடுத்தன. எங்கள் வீட்டில் இந்தக் கதைகள் சுவர்க் கடிகாரம் மாதிரி. அடிக்கும், யாரும் நின்று கேட்பதில்லை.

ஒரு கதை மட்டும் எனக்குப் பிடிக்கும். டோலிக் கதை. கொடைக்கானலுக்கு மோட்டார் ரோடு வந்த பிறகும், ரோடு எட்டாத காப்பித் தோட்டங்களுக்கு வெள்ளைக்கார துரைமார் டோலியில்தான் போனார்கள். நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் செருகி, நாலு பேர் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவார்கள். அப்பா பெரியகுளத்துப் பக்கத்து மலைப்பாதையில் குறுக்கே படுத்தாராம். "மனிதன் மேல் மனிதன் உட்காரக்கூடாது. என்னை மிதித்துவிட்டுப் போங்கள்" என்றாராம். தூக்கிகள் நாலு பேரும் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டார்களாம். துரை நடந்து போனாராம். போலீஸ் அப்பாவை இழுத்துக்கொண்டு போனதாம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நான் இதைச் சொல்லி வெள்ளிக் கிண்ணம் வாங்கியிருக்கிறேன்.

அந்தப் பாதைக்குத்தான் போக வேண்டும் என்று கொடைக்கானலில் அவர் பிடிவாதம் பிடித்தார். பாதையின் நடுவே அடுக்கம் இருக்கிறது. மோட்டார் போகாத ஊர். கட்சிச் செயலாளர் கெஞ்சினார். "ஐயா, அங்க போய் என்னத்தப் பொறுக்கப் போறோம்? ஒரு கை ஓட்டுத் தேறாது. ஜீப்புல சுத்திப் பெரியகுளம் போயிருவோம்."

கிளம்புவதற்கு முதல் நாள்தான் கொடைக்கானலில் ஒரு டாக்டர் அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "ஹார்ட் ரொம்ப வீக். மலை ஏறக்கூடாது. மாடி ஏறக்கூடாது. மேடைகூட ஏறாம இருந்தா நல்லது" என்றார்.

"இறங்கலாமா?" என்றார் அப்பா.

டாக்டர் சிரித்துவிட்டார். "இறங்குங்க சார். ப்ளெயின்ஸ்ல போய் ரெஸ்ட் எடுங்க."

வெளியே வந்ததும் அப்பா என்னிடம், "கேட்டுக்கிட்டியா? இறங்கலாம்னு டாக்டரே உத்தரவு கொடுத்துட்டார். அடுக்கம் இங்கேயிருந்து இறக்கம்தான். ஜீப்பை அடிவாரத்துல நிக்கச் சொல்லு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் கிடையாது.

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். அப்பா, நான், செயலாளர், கதர்ச் சட்டை போட்ட தொண்டர்கள் சிலர். செண்பகனூர் தாண்டியதும் பாதை மூடுபனிக்குள் இறங்கியது. கல் பாவிய பாதை, பாசி. ஒரு பக்கம் சோலைக்காடு, மறுபக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இருந்ததே ஒரு நிம்மதி. வெயில் ஏறிப் பனி விலகியதும் பெரியகுளத்துக் கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகள் மாதிரி கீழே கிடந்தன; நான் சோலைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டேன். காட்டுமாட்டுச் சாணி ஆவி பறக்கக் கிடந்தது. தொண்டர்கள் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள், பயத்தில். அப்பா மட்டும் எதையோ தேடுகிறவர் போல ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்தார். நின்றது பார்ப்பதற்கா, மூச்சு வாங்கவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டால் இன்னும் வேகமாக நடப்பார். அதனால் கேட்கவில்லை.

அடுக்கத்தில் டீக்கடை முன்னால் கூட்டம். மேடை கிடையாது. டீக்கடைக்கார அம்மா, நாற்பதைத் தாண்டியவர், கணீர்க் குரல். உள்ளேயிருந்து கனத்த தேக்கு நாற்காலி ஒன்றை இழுத்துவந்து போட்டார். கைப்பிடி தேய்ந்து பளபளத்தது. கால் வைக்கப் பலகைகூட இருந்தது.

"உக்காருங்கய்யா. ஊர்லயே ஒசந்த நாக்காலி இதுதான். பாதையில குறுக்க படுத்த வக்கீலய்யா நீங்கதானே?"

"ஆமாம்மா."

அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். "எங்கப்பன் சொல்லுவாரு" என்றார். மேலே சொல்லவில்லை.

அப்பா உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் கைப்பிடிக்குக் கீழே இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள் இருப்பதைப் பார்த்தேன். மூங்கில் செருகும் வளையங்கள். எந்த நாற்காலியை எதிர்த்துப் படுத்தாரோ, அந்த ஜாதி நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்து மாலையும் போட்டிருக்கிறார்கள்! மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார்கள். அப்பா பேசத் தொடங்கினார். அவருடைய வலது கை கீழே போய் ஒரு வளையத்துக்குள் விரலை விட்டு, அப்படியே நின்றது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

உட்கார்ந்தே பேசினார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை. ரோடு வரும், பள்ளிக்கூடம் வரும் என்று வழக்கமான பேச்சு. கூட்டத்தின் பின்னால் மரத்தில் சாய்ந்து நின்ற இளைஞன் ஒருவன், "பதினஞ்சு வருசமா வந்துக்கிட்டே இருக்குங்க ரோடு. எந்த வளைவுல நிக்குதுன்னுதான் தெரியல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டீக்கடை அம்மா, "ஏலே, வாய மூடு" என்று அதட்டினார். அவருடைய மகன்தான். தோளில் எதிர்க்கட்சிக் கரை போட்ட துண்டு.

அப்பா அவனுக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். "தம்பி, நீ கேக்கறது" என்றவர் நின்றார்.

கூட்டம் காத்திருந்தது. நான் காத்திருக்கவில்லை. அப்பாவின் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது, அந்தக் குளிரில். இடது கையால் மார்பைப் பிடித்துக்கொண்டார். மாத்திரையை நாக்கடியில் வைத்தேன். என் விரல் அவர் பல்லில் இடித்தது. படுக்கவைக்கப் பார்த்தோம், படுத்ததும் மூச்சு அடைத்தது, கண் செருகியது. மறுபடி நிமிர்த்தி உட்காரவைத்ததும் கொஞ்சம் காற்று உள்ளே போயிற்று. உட்கார்ந்தால்தான் உயிர் என்று ஆகிவிட்டது.

செயலாளர் மேலேயும் கீழேயும் பார்த்தார். மேலே கொடைக்கானல், அத்தனை ஏற்றம். கீழே பெரியகுளத்து ஆஸ்பத்திரி. ஜீப் அடிவாரத்தில் நிற்கிறது.

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் டீக்கடை அம்மா. "மூங்கில எடுத்து வளையத்துல சொருகுங்க. வெரசா கீழ எறக்குங்க. எங்கூர்ல பிள்ளத்தாச்சிகளயே அப்பிடித்தான் கொண்டுபோறது."

அப்பா தலையை ஆட்டினார். வேண்டாம்.

"அப்பா!"

"இதுல... வேண்டாம்."

"என்னம்மா சொல்றாரு?" என்றார் டீக்கடை அம்மா.

"தூக்கிகள் தோள்ல ஏற மாட்டேங்கறார்" என்றேன்.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பா முன்னால் நின்றார். "நல்லா இருக்குய்யா ஒங்க கொள்க. நீங்க வெறப்பா ஒக்காந்தே போயிருவீக. இந்தப் புள்ள அப்பன் இல்லாம இந்த மலையில தனியா எறங்கணும். அதுவும் கொள்கதானா?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் மண்டியிட்டேன். அழுதால் கேட்க மாட்டார் என்று தெரியும். அவர் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, ஒரு கேள்வி. அன்னைக்கு நீங்க என்ன சொல்லிப் படுத்தீங்க? கூலிக்கு ஆளைத் தூக்கறது தப்புன்னா? இல்லே, மனுஷனை மனுஷன் தூக்கறதே தப்புன்னா?"

ஒரு கண் திறந்தது. அந்த நிலையிலும் அந்தக் கண்ணில் பழைய வக்கீல் எட்டிப் பார்த்தார்.

"கூலிக்கு" என்றார்.

"அப்ப கூலி வாங்காதவங்க தூக்கினா?"

அவர் பதில் சொல்வதற்குள் செயலாளர் முன்னால் பாய்ந்தார். "நாங்க தூக்கறோங்கய்யா! தொண்டர்கள் நாங்க எதுக்கு இருக்கோம்? எங்க தலைவர் எங்க தோள்ல வர்றார்!" கதர்ச் சட்டைகள் எல்லாம் சேர்ந்து முழங்கின. ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரத்தில் சாய்ந்திருந்த மகன் மட்டும், "போச்சு" என்றான்.

நாற்காலி எழும்பியது. செயலாளர் முன்பக்கம், குள்ளம். பின்பக்கம் இரண்டு நெட்டை ஆட்கள். இறக்கத்தில் அப்பா முன்னால் சரிந்து சரிந்து வர, நான் பக்கத்தில் ஓடிக்கொண்டே அவர் மார்புக்குக் குறுக்கே அவருடைய துண்டைக் கட்டினேன். தொண்டர்களுக்குத் தெரிந்த நடை ஒன்றுதான், ஊர்வல நடை. இடது, வலது, இடது, வலது. தாளம் தவறாமல் இருக்க ஒருவர் கோஷமே போட ஆரம்பித்துவிட்டார். நாலு பேரும் ஒரே சமயத்தில் அடி வைக்க வைக்க நாற்காலி தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளிப்பக்கம், பள்ளத்தின் மேல், அப்பாவின் செருப்புக் கால் போய்ப் போய் வந்தது.

"மெதுவா, மெதுவா" என்று நான் கத்தினேன். கோஷத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

பாசி பிடித்த வளைவில் செயலாளர் வழுக்கினார். மூங்கில் அவர் தோளிலிருந்து நழுவியது. நாற்காலி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. அப்பாவின் தலைக்குப் பின்னால் மரமோ பாறையோ எதுவும் இல்லை. வெகு கீழே தென்னந்தோப்பு மட்டும் தெரிந்தது. நான் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தேன். அது என்னையும் சேர்த்து இழுத்தது. முழங்கை கல்லில் உரசிக்கொண்டு போனது. அப்போது என் தலைக்கு மேல் ஒரு கை வந்து வளையத்தைப் பிடித்தது.

டீக்கடை அம்மாவின் மகன். அவனோடு ஊர்க்காரர்கள் மூன்று பேர். எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

"ஊர்வலம் முடிஞ்சுதாய்யா?" என்றான் செயலாளரிடம், மூச்சு வாங்கிக்கொண்டு. அவன் முகமும் வெளிறித்தான் இருந்தது. "ஓரமா வாங்க. சாவடிச்சிருவீக."

அவர்கள் மூங்கிலைத் தோளில் வாங்கினார்கள். அப்பா திணறித் திணறி, "கூலி..." என்றார்.

"கூலியும் வேணாம், ஓட்டும் கெடையாது. அதையும் இப்பவே சொல்லிப்புடுறேன். தோளு மட்டுந்தான்."

அப்பா சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பும் பயமாக இருந்தது. சிரிப்புக்குச் செலவாகிற மூச்சை எங்கிருந்து திரும்பப் பெறுவது?

அவர்கள் நாலு பேரும் வேண்டுமென்றே கால் மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒருவர் அடி விழும்போது இன்னொருவர் அடி எழும்பும். நாற்காலி ஆடவில்லை. யாரும் பேசவில்லை. நான் வளையத்தைப் பிடித்தபடி ஓடினேன். அப்பாவின் விரலும் அதே வளையத்தில்தான் இருந்தது. அந்த விரல் சூடாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பாதி இறக்கத்தில் ஒரு பெரிய பாறை பாதையை நெருக்கிக்கொண்டு நின்றது. அப்பா கையைத் தூக்கினார். நின்றார்கள்.

"இங்கதான படுத்தீக?" என்றான் மகன்.

"ம்."

"எங்க தாத்தா தூக்கிக்கிட்டு வந்த டோலிதானாம் அது. தாண்டிப் போயிட்டாராமே?"

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். "தாண்டிப் போகலை. மூங்கிலைக் கீழே போட்டாங்க" என்றேன், கொஞ்சம் கோபமாகவே. வெள்ளிக் கிண்ணம் வாங்கிய கதை அது.

அப்பா பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கி, "தாண்டித்தான் போனார். நாலு பேரும். மிதிக்கலை. பாத்துப் பாத்து... காலை எடுத்து வச்சாங்க" என்றார்.

டீக்கடை அம்மா முந்தானைக்குள் சிரித்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கதையை முதலில் யாரோ மாற்றிச் சொல்ல, அப்பா அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். எனக்கு அதை நினைக்கக்கூட அப்போது நேரமில்லை. அவர் ஏன் இதை இப்போது சொல்கிறார் என்பதுதான் என்னைக் கலக்கியது. போகிறவர்கள்தான் இப்படிக் கணக்கு முடிப்பார்கள்.

"போங்க, வெரசா போங்க" என்று நாலு பேரையும் விரட்டினேன்.

அடிவாரத்துக்கு முந்தின வளைவில் செயலாளர் எதிரே ஓடிவந்தார். அவர் முன்னாலேயே இறங்கி ஜீப்பைத் தயார் செய்யப் போயிருந்தார். "நிறுத்துங்க, நிறுத்துங்க! அங்க ஒரே கூட்டம். மாலையோட நிக்கறாங்க. எதிர்க்கட்சிக்காரனும் நிக்கறான். ஐயாவ இங்கயே எறக்கிருவோம். கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிட்டா நாலு எட்டுதான் ஜீப்பு."

"ஒரு எட்டுகூட வைக்கக் கூடாது" என்றேன்.

"புரியாமப் பேசாதம்மா. டோலிய எதுத்தவரு டோலியில வந்தாருன்னா நாளைக்குச் சொவரெல்லாம் அதத்தான் எழுதுவான். இத்தன வருசப் பேரு. நாலு எட்டு, அம்புட்டுத்தான்."

நான் நாற்காலிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். வாதம் எதுவும் வரவில்லை. அப்பா நடக்கிறேன் என்று சொல்லிவிட்டால் என்னால் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாக இந்த மனிதரை எனக்குத் தெரியும். காலை அவர் மெல்ல அசைத்தார். பலகையிலிருந்து ஒரு கால் கீழே தொங்கியது. என் உயிர் அந்தக் காலோடு தொங்கியது.

அப்பா டீக்கடை அம்மாவின் மகனைப் பார்த்தார். அவன் தோளில் மூங்கில் அழுத்தி, எதிர்க்கட்சித் துண்டு வேர்வையில் நனைந்திருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காலை எடுத்துப் பலகை மேல் வைத்துக்கொண்டார்.

"இப்படியே போங்கப்பா" என்றார். "பாக்கட்டும்."

போனோம். மாலை வைத்திருந்தவர்கள் மாலையைப் போட மறந்து நின்றார்கள். யாரோ ஒருவர் ஜே சொல்ல ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார். எதிர்க்கட்சி ஆட்கள் தங்கள் துண்டைப் போட்ட ஒருவன் அப்பாவைத் தூக்கி வருவதைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். ஜீப்பில் ஏற்றும்போது அப்பாவின் விரல்கள் வளையத்தைவிட்டு வரவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். மகன் வெற்று நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டான். "ஆத்தா நாக்காலியத் தேடும். சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு, பொழுது சாயும் முன்பே மலையேறிப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் வெகுநேரம் கதவுக்கு வெளியே நின்றேன். ஊசி போட்டார்கள், ஆக்ஸிஜன் வைத்தார்கள். கடைசியில் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டு, "பிழைச்சுக்குவார்" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, கோபத்தோடு, "இந்த நெஞ்சை வச்சுக்கிட்டு அவ்வளவு பெரிய மலையை எப்படி சார் இறங்கினீங்க? யார் உங்களை இறங்கச் சொன்னது?" என்று கேட்டார்.

கொடைக்கானல் டாக்டரின் உத்தரவு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அந்த வாதம் அவரிடம் தயாராக இருந்தது.

"நான் இறங்கலை டாக்டர்" என்றார் அப்பா. "தூக்கிட்டு வந்தாங்க."

நான் வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டேன். முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. என் கை தானாகத் தோள்பைக்குள் போய் மாத்திரைக் குப்பியைப் பிடித்துக்கொண்டது. வெகுநேரம் விடவே இல்லை.